பாடு இல்லாதவர்களின் ஓட்டு

“எம்மெல்லே இந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல சார்.” இப்படி யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு எம்மெல்லே மேல் கோபம் வருவதில்லை. சொல்கிறவர் மேல்தான் வருகிறது.

மீஞ்சூரில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க் வேலை எனக்கு. கவிதை எழுதுவது ராத்திரியில். பகலெல்லாம் பாஸ்புக்கில் வரவு வைப்பதும் கியூவில் நிற்கிறவர்களின் புலம்பலைக் கேட்பதும்தான். மனை வியாபாரி புலம்புவார். ரிட்டயர்டு வாத்தியார் புலம்புவார். வல்லூர் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்டில் சாம்பல் அள்ளுகிறவரும் புலம்புவார். ரோடு, லாரிப் புழுதி, உப்புத் தண்ணி. தண்ணீர் விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் வாயைத் திறந்தால் மூட முடியாது, நியாயமும் இருக்கிறது. மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல் உள்ளே ஏறி, கிணறுகள் கெட்டு அரை நூற்றாண்டாகிறது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். ‘மீஞ்சூர் ஆலை’ என்று ஊர்ப் பெயரை வைத்தார்கள், தண்ணீரைச் சென்னைக்குக் குழாயில் அனுப்பினார்கள்.

ஆனால் இவர்கள் எல்லாருடைய புலம்பலிலும் ஒரு நினைப்பு இருக்கிறது. ஓட்டுப் போட்ட எல்லாரையும் அந்த ஆள் ஒரே மாதிரி மறந்துவிட்டான் என்ற நினைப்பு. அங்கேதான் எனக்குப் பற்றிக்கொள்கிறது. மறதி எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைக்கப்படுவதில்லை தோழர்களே. இதைப் புரிந்துகொள்ள நீங்கள் பொன்னேரி போய் பஸ் மாறி, பழவேற்காடு ஏரிக்கரைக்கு என்னோடு வரவேண்டும். அங்கே ஒரு காலனியில் என் பெரிம்மா இருக்கிறாள். அம்மாவுக்கு அக்கா. அறுபது தாண்டிவிட்டது.

பெரிம்மாவுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி எறா பிடிப்பாள். பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பறியைப் பிடிக்க வேறு என்ன இருக்கிறது? ஆளி ஓடு கிழித்துக் கிழித்து அவள் விரல்களில் ரேகை அழிந்துவிட்டது. எங்கள் கிளையில் கைநாட்டு மெஷின் அவளை ஒத்துக்கொள்வதில்லை. “நீ யாருன்னு மிஷினுக்கே தெரியலயாம் பெரிம்மா” என்று ஒருநாள் கிண்டலாகச் சொன்னேன். “ஏரிக்குத் தெரியுமாடா?” என்று கேட்டாள். அது கிண்டல் இல்லை.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாள், எந்த வலையை யார் இறக்குவது என்று முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற தலைக்கிராமங்களின் பட்டினவர் சாதி ஆண்களுக்குப் பாட்டில் பங்கு. உள்ளே சண்டை வராமல், ஒருத்தனே வாரிக்கொண்டு போகாமல் காக்கிற ஏற்பாடு. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆய்வாளர்கள் வந்து இதைப் படித்து வியந்து எழுதியிருக்கிறார்கள். பொதுச்சொத்தைப் பொதுவாக ஆளும் அழகு என்று. அழகுதான். உள்ளே இருப்பவனுக்கு அழகுதான். தலித்துக்கும் இருளருக்கும் அதில் பெயர் கிடையாது. நல்ல எறா ஓடும் வாய்க்கால்கள் பாட்டுக்காரனுக்கு. மிச்சமிருக்கும் சேறு தடவுகிறவளுக்கு. எந்த அரசாணையிலும் எழுதப்படாத சட்டம், எழுதிய சட்டத்தைவிடக் கெட்டியாக நிற்கிறது. ‘பாடு’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். ஒரு அர்த்தம் குப்பத்துக்கு, இன்னொன்று எங்களுக்கு.

குப்பத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிப்போம் என்று அதானி கம்பெனி திட்டம் போட்டபோது, குப்பமும் காலனியும் சேர்ந்துதான் எதிர்த்தோம். 2021 ஜனவரி 22இல் வைப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி தேதி குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. தடுத்து நிறுத்தியது எங்கள் கூட்டமும் கத்தலும்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். அன்று பெரிம்மா வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு குப்பத்து அம்மா அவளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள், பெரிம்மா வாங்கிக் குடித்தாள். துறைமுகம் என்றால் நாம் ஒன்று. மறுவாரம் ஏரியில் அதே குடும்பத்து ஆண் அவளை “இது எங்க எடம், அந்தாண்ட போ” என்று விரட்டினான். எனக்கு இது முரண்பாடாகத் தெரிந்தது. பெரிம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை. அவளுக்கு அது செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான்.

இப்போது எம்மெல்லேவுக்கு வருகிறேன். பொன்னேரி தனித்தொகுதி. இந்தப் பகுதி அடங்கிய திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. அதாவது எங்களை மறப்பவர்களும் எங்கள் ஆட்கள்தான். மற்ற தொகுதிக்காரனுக்கு இல்லாத இந்தச் சலுகை எங்களுக்கு உண்டு!

சில வருஷங்களுக்கு முன்னால் பெரிம்மாவையும் இன்னும் நான்கு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஒரு மக்கள் பிரதிநிதி வீட்டுக்குப் போனேன். எந்தக் கட்சி, எந்தப் பதவி, எந்த வருஷம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னொரு கட்சிக்காரன் அதைப் போஸ்டர் அடிப்பான், அவன் வீட்டு வாசலும் எனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்குப் போய் பதினொரு மணி வரை மரத்தடியில் நின்றோம். ஏரியில் பாடு இல்லாதவர்களுக்கும் பிடிக்க இடம் ஒதுக்கவேண்டும், தடைக்கால நிவாரணப் பட்டியலில் கையால் பிடிக்கிறவர்கள் பெயரையும் சேர்க்கவேண்டும், இரண்டே கோரிக்கை. மனுவை நான்தான் எழுதியிருந்தேன், ராத்திரி முழுக்க உட்கார்ந்து, கவிதையைவிடக் கவனமாக. அவர் வந்தார். கத்தவில்லை. “நம்ம சனம்” என்றார். பெரிம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மனுவை முழுக்கப் படித்தார். பிறகு என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டு மெதுவாகச் சொன்னார்: “தம்பி, இத்த நான் கையில எடுத்தா குப்பத்துல ஒரு ஓட்டு உழாது. நீ படிச்ச புள்ள, புரிஞ்சிக்குவ.”

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஆளை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். துரோகி, கட்சி அடிமை, இன்னும் அச்சில் ஏறாத நாலு வார்த்தை. இப்போது யோசித்தால், அரசியல்வாதி ஒருவர் என்னிடம் பேசிய ஒரே உண்மை அதுதான். அவர் வாக்காளர்களை மறக்கவில்லை. தன்னைத் தோற்கடிக்கக்கூடிய வாக்காளர் யார் என்பதை ஒரு நொடிகூட மறக்கவில்லை. ஓட்டு எண்ணி முடிந்ததும் ‘படிவம் 20’ என்று ஒரு தாள் வரும். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். ஜெயித்தவன் தோற்றவன் எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான். குப்பம் ஊர்க்கூட்டம் போட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் அது அந்தத் தாளில் தெரியும். காலனி ஓட்டு ஐந்து கட்சிக்கும் சிதறிக் கிடப்பதும் தெரியும். நம் தாளைப் படித்துவிட்டுத்தான் அவன் நம்மைப் படிக்காமல் விடுகிறான்.

இது ஒரு பொன்னேரி விவகாரமா? 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்டவர்களுக்கு மாகாண சபைகளில் 71 இடம் கொடுத்தது. அந்த இடங்களுக்கு நாம் மட்டும் ஓட்டுப் போடலாம், பொதுத்தொகுதியிலும் இன்னொரு ஓட்டு உண்டு. காந்தி எரவாடா சிறையில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். 71 இடம் 148 ஆயிற்று. வங்கிக்காரன் கணக்கில் இரட்டிப்பு லாபம்! ஆனால் தேர்ந்தெடுக்கும் கை மாறிவிட்டது. எல்லா சாதியும் சேர்ந்து நம் ஆளைத் தேர்ந்தெடுக்கும். எண்ணிக்கை நம் பேரில், சாவி அவர்கள் கையில்.

அதன் விளைவைப் பார்க்கத் தமிழ்நாடு அதிக காலம் காத்திருக்கவில்லை. பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் எம்.சி. ராஜா. கூட்டுத்தொகுதியை நம்பி அந்தப் பக்கம் போனவர். 1938இல் சென்னை சட்டசபையில் அவர் ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தார். பிரதமராக இருந்த ராஜாஜி எதிர்த்தார். மசோதா தோற்றது. காங்கிரஸ் சீட்டில் தனித்தொகுதிகளில் ஜெயித்து வந்திருந்த நம்மவர்கள் கட்சிக் கட்டளைக்குக் கட்டுப்பட்டார்கள். கோயிலுக்குள் நாம் போகலாம் என்ற மசோதாவுக்கு எதிர்ப்பக்கத்தில் நம் பிரதிநிதிகள்! ராஜா காந்திக்கு வருந்திக் கடிதம் எழுதினார். கையெழுத்துப் போட்ட ஆறே வருஷத்தில்.

அம்பேத்கரையே இந்தக் கூட்டுத்தொகுதி இரண்டு முறை தோற்கடித்தது. 1952இல் வடக்கு பம்பாயில், தனி இடத்துக்கு நின்று, காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கரிடம் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி. அரசியல் சட்ட வரைவுக்குழுத் தலைவருக்கே அந்தக் கதி என்றால் மரத்தடியில் நிற்கும் என் பெரிம்மாவின் மனுவுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? பூனா ஒப்பந்தத்தின் 50ஆம் ஆண்டு நாளில், 1982இல், கான்ஷிராம் ஒரு புத்தகம் வெளியிட்டார். இப்படி உருவாகும் பிரதிநிதிக்கு அவர் வைத்த பெயர் ‘சம்சா’. கரண்டி. கரண்டியைக் குறை சொல்லி என்ன பயன், பிடித்திருக்கும் கையைப் பார் என்பது அவர் கட்சி.

கொஞ்சம் விலகிப் போகிறேன், சிரிக்க ஒரு கதை. 1957இல் ஆந்திரத்துப் பார்வதிபுரத்தில் இரட்டை உறுப்பினர் தொகுதி, ஒன்று பொது, ஒன்று பழங்குடிகளுக்கு. பழங்குடி வேட்பாளர்கள் இருவர் அதிக ஓட்டு வாங்கிப் பொது இடத்தையும் பிடித்துவிட்டார்கள். தோற்றவர் வி.வி. கிரி, பின்னால் குடியரசுத் தலைவரானவர். உச்சநீதிமன்றம் வரை போனார், 1959இல் அங்கேயும் தோற்றார். 1961இல் நாடாளுமன்றம் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே ஒழித்துவிட்டது. நம்மவன் தன் இடத்தோடு நிற்காமல் பொது இடத்துக்கும் வந்தால் விளையாட்டின் விதி மாறும்.

சரி, இப்போது மாணவத் தோழர்களோடு என் சண்டை. போன மாதம் கல்லூரி மாணவர்கள் சிலர் துண்டறிக்கையோடு வந்தார்கள். ‘திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும்’. வேலை செய்யாத எம்மெல்லேவை நடுவிலேயே வாக்காளர்கள் இறக்கவேண்டும். 2003இல் கலிஃபோர்னியாவில் ஆளுநர் கிரே டேவிஸை அப்படித்தான் இறக்கினார்கள் என்று உற்சாகமாகச் சொன்னார்கள். முதலில் எனக்கும் பிடித்தது. வங்கியில் ஒருவர் தன் கணக்கை நடத்த இன்னொருவருக்கு அதிகாரம் கொடுத்தால், பிடிக்காதபோது ஒரு கடிதத்தில் ரத்து செய்துவிடலாம். வாக்காளனுக்கு அந்தக் கடிதம் கிடையாது. ஐந்து வருஷம் பொறுக்கவேண்டும். நியாயமான ஆத்திரம்தான்.

ஆனால் தோழர்களே, தனித்தொகுதியில் இந்த உரிமை யார் கையில் போகும் என்று யோசித்தீர்களா? ‘பாடு எல்லாருக்கும் பொது’ என்று ஒரு எம்மெல்லே பேசிவிட்டார் என்று வையுங்கள். மறுநாள் யார் கையெழுத்து வேட்டை தொடங்குவார்கள்? மனுவைத் தூக்கிப் போட்டவரை இறக்க நமக்கு எண்ணிக்கை இல்லை. மனுவைக் கையில் எடுத்தவரை இறக்க அவர்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது.

கற்பனை என்கிறீர்களா? திரும்ப அழைக்கும் உரிமையைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துக்கு என்று ஒதுக்கினார்கள். 2006 வரை பத்து வருஷம் ஒரு தலைவர் நிலைக்கவில்லை. வேட்புமனு போடவிடாமல் மிரட்டினார்கள், அல்லது தங்கள் ஆளை நிறுத்தி ஜெயிக்கவைத்து உடனே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். கலிஃபோர்னியாக்காரன்கூட இவ்வளவு வேகமாகத் திரும்ப அழைத்திருக்கமாட்டான். மேலவளவில் ராஜினாமா செய்யாத தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30இல் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள், கூட ஐந்து பேரை. மதுரைப் பக்கம்தான் இப்படி என்று எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பெருமை பேசவேண்டாம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆகஸ்ட் 15இல் தலித் பெண் ஊராட்சித் தலைவரைச் சுதந்திரக் கொடி ஏற்றவிடவில்லை. செய்தி வெளியே வந்து நாறியபிறகு, அதிகாரிகள் முன்னிலையில் 20ஆம் தேதி ஏற்றினார். ஐந்து நாள் தாமதமான சுதந்திரம்.

இன்னொரு போராட்டத்தையும் தோழர்கள் உதாரணம் காட்டுவார்கள். 1996 மொடக்குறிச்சி. தங்களைக் கண்டுகொள்ளாத அரசாங்கத்துக்குப் பாடம் புகட்ட விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். நல்ல கலகம், எனக்கும் பிடிக்கும். அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, சட்டசபைக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். தலித்துக்கு 125 ரூபாய் 2,500 ஆயிற்று. சுயேச்சைக்கு முன்மொழிய 10 பேர் வேண்டும் என்றார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் செய்த கலகத்துக்கு நாமும் டெபாசிட் கட்டினோம். (இப்போது நமக்கு 5,000. தடைக்கால நிவாரணமே கிடைக்காத பெரிம்மா எத்தனை நாள் சேறு தடவினால் அந்தத் தொகை வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து நிறுத்திவிட்டேன்.)

நம் இயக்கங்களையும் விடமுடியாது. 1990களில் தேர்தல் புறக்கணிப்பு என்றோம், 1999இல் இறங்கினோம். இறங்கியது தப்பென்று சொல்லமாட்டேன். 2001இல் உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்த திருமாவளவன், இன்னொருவர் சின்னத்தில் வந்தவன் சுதந்திரமாகப் பேசமுடியவில்லை என்று 2004இல் எம்மெல்லே பதவியை விட்டார். 1985இன் கட்சித்தாவல் தடைச்சட்டப்படி, யார் சின்னத்தில் நிற்கிறாயோ அவர் கொறடாவுக்கு நீ கட்டுப்படவேண்டும். பிறகு பானைச் சின்னத்தில் நின்று 2021இலும் 2024இலும் ஜெயித்தார்கள், அது பெரிய நகர்வு. ஆனால் கூட்டணியில் எந்த இடம், எத்தனை இடம் என்பதைப் பெரிய கட்சியின் அலுவலகத்தில்தானே முடிவு செய்கிறார்கள்? எந்தக் காலனியில் கூட்டம் போட்டு வேட்பாளரை முடிவு செய்தோம்? நம் கட்சியும் ஆளை அறிவித்துவிட்டுத்தானே நம்மிடம் வருகிறது? இதைக் கேட்டால் ‘ஒற்றுமையைக் குலைக்கிறாய்’ என்கிறார்கள். மரத்தடியில் நின்ற நாளில் எனக்குத் தெரிந்த ஒற்றுமை வேறு.

என் யோசனை பழையது, பூனா ஒப்பந்தத்தின் உள்ளேயே கிடப்பது. அதன் இரண்டாவது ஷரத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. கூட்டுத்தொகுதித் தேர்தலுக்கு முன்னால் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் கூடி நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கவேண்டும், அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம். அதற்குப் பத்து வருஷக் கெடு வைத்திருந்தார்கள். 1950க்குப் பிறகு அரசியல் சட்டத்தில் அது இல்லை. தனித்தொகுதியை மட்டும் பத்துப் பத்து வருஷமாக நீட்டி 2030 ஜனவரி வரை கொண்டுவந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எல்லாக் கட்சியும் கை தூக்குகிறது. அவர்களுக்கு வலிக்காத சலுகை.

அந்த முதல் தேர்தலை நாமே நடத்தினால் என்ன? சட்டம் ஒத்துக்கொள்ளாது, சரி. தேர்தல் அதிகாரி சீல் வைக்கமாட்டார், சரி. பொன்னேரித் தொகுதியின் காலனிகளும் இருளர் குடியிருப்புகளும் கூடி, அட்டைப்பெட்டியில் சீட்டுப் போட்டு, நான்கு பெயரைச் சொல்லட்டும். எந்தக் கட்சிக்காரனாகவும் இருக்கட்டும். அந்த நால்வரும் பாடு பற்றி என்ன செய்வார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கட்சிகள் அந்த நால்வரை விட்டு வேறு ஆளை நிறுத்தினால் அவருக்குக் காலனி ஓட்டு இல்லை, ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு தேர்தலில் படிவம் 20இல் இது தெரியவேண்டும். அப்போது தோளில் கைபோட்டு ஓரமாகக் கூப்பிடும் ஆளுக்குப் பயப்பட இரண்டு பக்கம் இருக்கும். குப்பத்தோடு பேச்சுவார்த்தைக்கு உட்காரவும் அப்போதுதான் நமக்கு நாற்காலி. இதில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. காலனிக்குள்ளேயே உட்சாதி இருக்கிறது, இருளர் சொல்லை நாமே கேட்பதில்லை, தேர்தலுக்கு முந்தின ராத்திரி ரூபாய் நோட்டு வரும், நம்மில் பாதிப் பேர் வாங்குவோம். இதையெல்லாம் சொல்லி என்னோடு சண்டை போடுங்கள். ‘எம்மெல்லே வர்றதில்ல’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலனியில் முதல் கூட்டம் போட்டோம். வந்தவர்கள் பதினேழு பேர். அதில் ஆறு பேர் டீ குடித்ததும் போய்விட்டார்கள். ஒரு தம்பி எழுந்து, “நாலு பேருண்ணா, நாலுமே ஆம்பளயா?” என்று கேட்டான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அக்காதான் கேட்கச் சொல்லியிருந்தாள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அட்டைப்பெட்டி என் ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்த பெட்டி. பெரிம்மா கடைசி வரை இருந்தாள். முதலில் ஒரு பட்டியல் எடுக்கலாம் என்று நோட்டைப் பிரித்தேன், யார் யார் ஏரியில் இறங்குகிறார்கள், எதை வைத்துப் பிடிக்கிறார்கள் என்று.

“வலை, படகுன்னு கட்டம் போட்டிருக்கியே, கைக்குக் கட்டம் இருக்குதா?” என்றாள்.

இல்லை. அடித்துவிட்டுப் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்.